ஜன்னல் கட்டையில் வைத்த போன்

தம்பி,

பெற்ற பிள்ளை என்றாலும், நீ செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் தைப்பொங்கலுக்கு வந்தபோது என்னிடம் இருந்த ஒலிப்பதிவுக் கருவியை நீ எடுத்துக்கொண்டு போனாய். அது இருந்த இடத்தில் ஒரு புதுப் போனை வைத்துவிட்டுப் போனாய். என்னைக் கேட்டுத்தான் எடுத்தேன் என்பாய். நீ கேட்கவில்லை, சொன்னாய். அதன் பலனாக, நமக்குக் கீழே உள்ள வரிசை வீடுகளில், பணிய லயத்தில், ஆறு குடும்பத்தார் மண் வெடித்த மலையின் கீழேயே இன்றும் படுத்து எழும்புகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து வாயால் கொடுக்கப்பட்ட நிலம் காகிதத்தில் இல்லாமல் போய்விட்டது. நான் செய்த தவறும் இதில் இருக்கிறது. உன்னுடையதைவிட அது பெரியது. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைப் பிள்ளைக் காம்பராவின் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கொழுந்துக்குப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை விட வரும்போது நின்று வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டட்டும்.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். பெண் வீட்டார் நல்ல மாதிரி என்று உன் அம்மா சொல்கிறாள். நீ மூன்று தடவை போன் பண்ணி, "ஏன்ப்பா பேச மாட்டேங்கிறீங்க, கோவமா?" என்று கேட்டுவிட்டாய். மூன்று தடவையும் நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எனக்குப் பேச வரும், அது உனக்கே தெரியும். பேசித் தீராத ஒன்றைப் போனில் எப்படிப் பேசுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். எழுதினால் முழுவதையும் எழுதலாம், நடுவில் யாரும் கூப்பிட்டு நிறுத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கருவியை நான் ஏன் வாங்கினேன் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உனக்கு ஆறு வயதிருக்கும்போது உன் அம்மா எட்டாம் நம்பர் மலையில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்தாள். முழங்கால் போய்விட்டது. காலையில் ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், அப்போது தோட்டத்தை நடத்திய துரை எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்தப் பொம்பள இனி மலை ஏற வேணாம். பிள்ளைக் காம்பராவுல வேல குடுங்க." நாங்கள் கும்பிட்டோம். மூன்று மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் உன் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நூறு பேர் கேட்டார்கள் என்றேன். நூறு பேர் காது ஒரு காகிதத்துக்கு ஈடாகாது என்பதை அன்றைக்குப் படித்தேன். தோட்டத்தில் நம் தலையெழுத்தை மாற்றுகிற எதுவும் எழுதப்படுவதில்லை தம்பி. பெரட்டில் சொல்லப்படும், கோயில் வாசலில் சொல்லப்படும், ஜீப்பில் உட்கார்ந்தபடி கண்ணாடியை இறக்கிச் சொல்லப்படும். சொன்ன ஆள் மாறிப் போனால் சொன்ன சொல்லும் அந்த ஜீப்பிலேயே ஏறிப் போய்விடும். உன் அம்மா அந்த முழங்காலோடு இன்னும் பதினொரு வருஷம் மலை ஏறினாள்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவன். ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துக் கூட்டப் பழகியவன். எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் எழுதியதை எந்தத் துரை ஒத்துக்கொள்வான்? அவன் குரலையே பிடித்து வைத்தால்தான் உண்டு. பண்டாரவளைக்குப் போனேன். கடைக்காரர், "பாட்டுப் பதியவாங்க?" என்றார். "இல்லீங்க, பேச்சுப் பதிய" என்றேன். "யாரு பேச்ச?" "தொரைமாரு பேச்ச." அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப ரெண்டு சோடி பேட்டரி சேத்து எடுத்துக்குங்க, அவுங்க லேசுல முடிக்க மாட்டாங்க" என்றார். உள்ளங்கை நீளம், கறுப்பு நிறம். தலையில் இரண்டு சின்னக் காதுகள் போல ஒலி வாங்கி. ஒரு பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கவாட்டில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருந்தது. அதை நகர்த்திவிட்டால் யார் கை பட்டாலும், கீழே விழுந்தாலும், பதிவு நிற்காது. அதற்கு யாரும் போன் பண்ண முடியாது. அதில் படம் பார்க்க முடியாது. பதிவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது.

அதை நான் ஒரு நாளும் ஒளித்து வைத்துப் பதிந்ததில்லை. மேசை நடுவில் வைப்பேன். "தொரை, இது ஓடுது" என்று சொல்லிவிட்டுத்தான் அமுக்குவேன். முதலில் என் குரலில் நாள், இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வேன். அதற்குப் பிறகுதான் பேச்சு. ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணன் பொட்டி கொண்டாந்துட்டாரு, எல்லாரும் தலைய சீவிக்கிங்க" என்று இளவட்டங்கள் கேலி பண்ணினார்கள். தண்ணீர்க் குழாய் விஷயத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றது. குழாய் தருகிறேன் என்று சொன்ன துரை, அப்படிச் சொல்லவே இல்லை என்று பெரட்டில் வைத்து மறுத்தார். நான் கருவியை எடுத்து அவர் முன்னால் அமுக்கினேன். அவர் குரலை அவரே கேட்டார். பிறகு, "சரி, என் வாயிதான்" என்றார். அந்த மாதமே குழாய் வந்தது. இன்றைக்கும் பணிய லயத்துக்காரர்கள் அதில்தான் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன கூட்டம் போட்டாலும், "அண்ணன் சாமான வைக்கட்டும், அப்பறம் பேசுங்க" என்பதுதான் வழக்கம். நாம் இருக்கும் மேல லயம், பணிய லயம் இரண்டுக்கும் சேர்த்து அந்தக் கருவி காவலாக இருந்தது.

இந்த இடத்தில் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. குழாய் தருகிறேன் என்று துரை சொன்ன கூட்டம் நடந்த அன்றுதான் உன் உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. நீ பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ஏற்றம் முழுவதும் ஓடி, பிள்ளைக் காம்பரா வாசலில் வந்து மூச்சு வாங்க நின்றாய். "அப்பா" என்றாய். துரை அப்போதுதான் குழாயைப் பற்றி வாயைத் திறந்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் உன்னைத் திரும்பிப் பார்க்காமல், பேசாதே என்று கையைத் தூக்கிக் காட்டினேன். நீ கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு போய்விட்டாய். நம் லயத்திலிருந்து அந்தப் பரீட்சையில் தேறிய முதல் ஆள் நீ. அதை நான் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் சொல்லித்தான் கேட்டேன். கூட்டம் முடிந்து வந்து, "பாஸாமே" என்றேன். நீ "ஆமா" என்றாய். அத்தோடு முடிந்தது. அந்தப் பதிவை நான் பிறகு எத்தனையோ முறை போட்டுக் கேட்டிருக்கிறேன். துரையின் குரலுக்கு நடுவே "அப்பா" என்று ஒரு சத்தம், பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போவது, இரண்டும் அதில் இருக்கின்றன. நீ அந்தக் கருவியை ஏன் எடுத்துக்கொண்டு போனாய் என்று இப்போது யோசிக்கும்போது, அது பழசாகிவிட்டது என்பது மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நீ கொழும்பில் போன் கடையில் வேலை பார்க்கிறாய். வாங்க வருபவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய வாய். பொங்கலன்று என்னிடமும் அப்படியே பேசினாய். "இந்தக் காலத்துல இத யாருப்பா வச்சிருக்கா? போன்லயே எல்லாம் இருக்கு. ரெக்கார்டர், கேமரா, டோர்ச், ரேடியோ, எல்லாம் ஒண்ணுலயே." நான் சொன்னேன்: "எல்லாம் ஒண்ணுலயே இருக்குறதுதான் எனக்குச் சரியாப் படல. ஒரு வேலைக்கு நிக்கிறப்ப இன்னொரு வேலைக்குக் கூப்பிட்டா அது எந்தப் பக்கம் போகும்?" நீ சிரித்தாய். "அப்பா, அது மனுசன் இல்லப்பா." பழைய பதிவுகளை எல்லாம் போனுக்கு மாற்றித் தருகிறேன் என்று கருவியைப் பையில் போட்டாய். மாற்றி அனுப்பினாய், ஒன்றுகூடக் குறையவில்லை. அதை நான் மறுக்கவில்லை. கருவி திரும்பி வரவில்லை. கேட்டபோது, "கடையில யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கப்பா, அது இனி எதுக்கு" என்றாய்.

போனை நான் பழகாமல் விட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டிப் படித்து, எது எங்கே இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு பழகினேன். அதில் நல்லது இருக்கிறது. பதிந்ததை அந்த நிமிஷமே பதுளையில் இருக்கிற அதிகாரிகளுக்கு அனுப்பலாம். கருவியில் அது முடியாது. பெரட்டில் பதிந்த இரண்டு சின்னப் பேச்சுகள் தெளிவாகவே விழுந்தன. நானும் கொஞ்சம் மனம் மாறினேன். மாறியிருக்கக் கூடாது.

கார்த்திகையில் அந்த மழை பிடித்தது. மேல லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. ஒரு ஆள் இறங்கி நிற்கிற அளவு அகலம். ஐந்தாம் நாள் துரையும், பதுளையிலிருந்து ஒரு அதிகாரியும் வந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் கூட்டம். இரண்டு லயத்து ஆட்களும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நெருக்கியடித்து நின்றார்கள். வழக்கம்போல எனக்கு வழி விட்டார்கள். நான் போனில் பதிவைத் தொடங்கி, நாளும் இடமும் பேரும் சொன்னேன். சொல்லிவிட்டு, மேசையில் வைக்க வேண்டிய போனைக் கொண்டுபோய் ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குப் புரியாது. உனக்குப் புரியும். நம் லயத்தில் சிக்னல் உள்ளே வராது. ஜன்னலில் வைத்தால்தான் வரும். ஒவ்வொரு காம்பராவிலும் போனுக்கு இடம் ஜன்னல் கட்டைதான். பத்து மாதமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கை அதைத்தான் செய்திருக்கிறது. அன்றைக்கும் என்னைக் கேட்காமல் அதுவே செய்தது. கருவியாக இருந்தால் என் கை ஜன்னலுக்குப் போயிருக்காது. பேசுகிறவர் வாயருகே வைக்கத்தான் அந்தக் கருவியைக் கைக்குப் பழக்கியிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. போன் அதற்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தது.

அந்த அதிகாரி மண்ணைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, ஆபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. நீதான். நான்கு நாளாக லைன் கிடைக்காமல் அன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது. எடுக்காமல் விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ. எடுத்தேன். நீ, "அப்பா, நாள் குறிச்சாச்சுப்பா, வைகாசி" என்றாய். பிறகு, "மொதல்ல ஒங்ககிட்டதான்ப்பா சொல்றேன், அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல" என்றாய். உன் பரீட்சைச் செய்தியை நான் கேட்காமல் விட்டது எனக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. அதே பிள்ளைக் காம்பரா. அதே வாசல். இந்தத் தடவை கையைத் தூக்கிக் காட்டக் கூடாது என்று நினைத்தேன். கூட்டத்துக்குள் சரியாகக் கேட்கவில்லை என்று வாசலுக்கு வெளியே போய் நின்று, பெண்ணின் அப்பா என்ன சொன்னார், மண்டபம் எங்கே, எல்லாம் கேட்டேன். சந்தோஷமாக இருந்தேன் தம்பி. அதை மறைக்கவில்லை. திரும்பி வந்து போனை அதே ஜன்னல் கட்டையில் வைத்தேன். அது பதிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். உன் அழைப்பை எடுத்த நொடியில் அது பதிவை நிறுத்தி, திரும்ப அமுக்குகிறாயா என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. கருவியில் சிவப்பு விளக்கைத்தான் பார்த்துப் பழக்கம். இதில் விளக்கே இல்லை.

நான் உள்ளே வந்த பிறகுதான் துரை எழுந்து சொன்னார். நாற்பது பேர் கேட்டார்கள். "மேல லயம் பதினாலு, பணிய லயம் ஆறு, இருவது காம்பராவுக்கும் மேல கிரவுண்டுப் பக்கம் காணி. யாரையும் உட மாட்டேன்." பணிய லயத்துச் செல்லம்மா உனக்கு நன்றாகத் தெரியும். புருஷன் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளைக் கொழுந்து பறித்து வளர்த்தவள். அவள் கையைத் தூக்கி, "தொரை, எங்க லயமும் சேத்துதானே? இன்னொருக்காச் சொல்லுங்க, அண்ணன் போன்ல நல்லா விழட்டும்" என்றாள். துரை சிரித்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். விழுந்துவிட்டது என்று தலையை ஆட்டினேன்.

தை மாதம் காணி கிடைப்பவர்களின் பேரோடு கடிதம் வந்தது. பதினான்கு பேர். பணிய லயம் இல்லை. மண் அவ்வளவு தூரம் வராது என்று அளந்தவர்கள் சொல்கிறார்களாம். சரிந்து வருகிற மண் அளவுநாடாவைப் பார்த்து நிற்குமா என்று நான் கேட்டேன். துரை, "பாத்துச் செய்வோம்னுதான் சொன்னேன்" என்றார். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். நான் செல்லம்மாவையும் பணிய லயத்தில் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பதுளையில் மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது அவளிடம், "பயப்படாத, கொரல் இருக்கு" என்றேன். போனில் அன்றைய பதிவு ஒன்று இருப்பதை மட்டும் பார்த்திருந்தேனே தவிர, போட்டுக் கேட்கவில்லை. அத்தனை வருஷப் பழக்கத்தில் அது விழாமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் போனை மேசையில் வைத்து அமுக்கினேன். நாளும் இடமும் பேரும் சொல்லும் என் குரல் தெளிவாக வந்தது. பிறகு மழை கொட்டியது. மழைக்குள்ளே எங்கேயோ ஒரு மனிதர் முணுமுணுப்பது கேட்டது. சில நிமிஷத்தில் அதுவும் நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார். "இவ்வளவுதானோ ஐயா?" என்றார். நான் மறுபடி போட்டேன். மறுபடியும் மழை. "ஐயா, உங்கடை குரலுக்குப் பிறகு இதிலை மழைச் சத்தம்தான் கேக்குது. வேறை ஒண்டும் இல்லையே. ஃபோனை எங்கை வைச்சனீங்கள்?" நான் ஜன்னலில் என்றேன். செல்லம்மா மேசையில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. கூட வந்தவர்களில் ஒருவன், "அண்ணன் மழைய நல்லாப் புடிச்சிருக்காரு. ரேடியோவுக்குக் குடுத்தா போடுவாங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

கச்சேரியிலிருந்து வந்த அன்று உன்னிடம் சொன்னபோது நீ, "அப்பா, ஃபிளைட் மோடுல போட்டிருக்கணும்ப்பா, அப்ப கோல் வராது" என்றாய். எனக்கு அது தெரியும், கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மண் சரிகிற எச்சரிக்கை எந்த வழியாக வருகிறது? போன் வழியாகத்தான். தலைக்கு மேல் வெடிப்பை வைத்துக்கொண்டு, ஐந்து நாள் மழையில், போனை வெளியுலகத்திலிருந்து அறுத்து வைப்பவன் எவன்? அதைத் திறந்தும் வைக்க வேண்டும், பதியவும் வேண்டும், உன் கல்யாணச் செய்தியும் அதிலேதான் வர வேண்டும். பொங்கலன்று நான் சொன்னது இதைத்தான். நீ மனுசன் இல்லப்பா என்று சிரித்தாய்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பணிய லயத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? என் காம்பரா மேல லயத்தில் இருக்கிறது, பதினான்கில் நான் ஒருவன், அதனால்தான் நான் பதிவை நிறுத்தினேன் என்று. குழாயடியில் வைத்துச் செல்லம்மாவே என் முகத்துக்கு நேரே சொன்னாள். "ஒங்க காம்பரா மேலதானேண்ணே இருக்கு. ஒங்களுக்கு வந்துருச்சு. எங்க கொரல எதுக்குப் புடிக்கணும்?" நான், "என் பிள்ளை மேல சத்தியமா இல்ல" என்றேன். அவள், "ஒங்க பிள்ளைதானே அன்னைக்கு கோல் பண்ணுச்சு" என்றாள். வெளியே போய் நின்று நான் சிரித்துச் சிரித்துப் பேசியதை அவள் பார்த்திருக்கிறாள். எத்தனையோ வருஷமாக எனக்கு வழிவிட்ட ஆட்கள் இப்போது நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

அதனால்தான் நான் எனக்கு வந்த காணிக் கடுதாசியில் கையெழுத்துப் போடவில்லை. ஆறு பேருக்கும் கிடைக்கும் வரை போட மாட்டேன். நீ போனில் அம்மாவிடம், "அவரு புடிவாதத்துக்கு நீங்க ஏன் சாகணும்?" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஜன்னலில் வைத்துத்தானே பேசினாள். உன் அம்மா மழை தூறினாலே பாயைச் சுருட்டி வாசலில் வைத்துவிடுகிறாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓட முடியாது என்று முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறாள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இது நல்லது, இது நியாயம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவளைப் பதுளையில் உன் சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னேன். "நீங்க இங்க, நான் அங்கயா? போன முழங்காலோட பதினோரு வருசம் மலை ஏறினவ நான். இதையும் ஏறுறேன்" என்கிறாள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். இல்லை என்று சொல். பொய் சொல்ல வேண்டாம்.

என் கையெழுத்து இல்லாததால் துரைக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். இந்த வயதில் ஒரு கிழவன் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருப்பதால் மலை தன் வெடிப்பை மூடிக்கொள்ளாது. பண்டாரவளையில் கேட்டுப் பார்த்தேன், உன் மாமா வீட்டுக்குப் பெரகல போனபோது அங்கேயும் கேட்டேன், அந்த மாதிரிக் கருவி ஒன்று கிடைக்குமா என்று. "இப்ப அத யாருங்க வாங்குறா, போன்லயே இருக்கே" என்றார்கள். எல்லோரும் உன்னைப் போலவே பேசுகிறார்கள். நடந்தது நடந்துவிட்டது. அன்றைக்குப் பேசிய சொல் எந்தக் கருவியிலும் இல்லை. புதிதாக ஒன்று வாங்கினாலும் அந்தச் சொல் திரும்பி வராது. இந்தக் கடிதம் எதையாவது சரியாக்கும் என்ற நம்பிக்கையில் நான் இதை எழுதவில்லை. ஆனாலும் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

துரை, தான் இரண்டு முறை சொன்னதை ஒரு முறை எழுதித் தர வேண்டும். தர மாட்டார். ஆனாலும் செய்ய வேண்டியது அவர்தான். கச்சேரியில் இருக்கிற அந்த மரியாதையான மனிதர் ஒரு நாள் இங்கே ஏறி வந்து, பணிய லயத்தில் நின்று மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். கூட்டத்தில் இருந்த நாற்பது பேரும் தாங்கள் கேட்டதை ஒவ்வொருவராகச் சொல்ல, அதை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அது என் வேலை. இதுவரை பதினொரு பேரிடம் வாங்கியிருக்கிறேன். மேல லயத்தில் காணி கிடைத்தவர்களில் மூன்று பேர்தான் போட்டார்கள். மற்றவர்கள் இந்தச் சுவரைப் பார்த்துவிட்டாவது வந்து போட வேண்டும். உன் அம்மா மழைக் காலம் தொடங்கும் முன் பதுளைக்குப் போக வேண்டும். அதை நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீதான் வந்து கூட்டிப் போக வேண்டும்.

நீ இன்னும் இரண்டு செய்ய வேண்டும். கொழும்பில் தேடி, பதிவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஒரு கருவியை வாங்கி வா. பழையது கிடைத்தால் பழையதையே கொண்டுவா. அடுத்த கூட்டம் என்று ஒன்று நடந்தால், அதை யார் வைப்பது என்பதைப் பணிய லயத்துக்காரர்கள் முடிவு செய்யட்டும். என் கையில் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, உன் கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்துக் கூப்பிட வரும்போது சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து தொடங்காதே. தட்டை எடுத்துக்கொண்டு முதலில் பணிய லயத்துக்கு இறங்கு. ஆறு வாசலும் முடிந்த பிறகு மேலே ஏறி வா. அங்கே எல்லோரும் வெற்றிலையை எடுத்துக்கொண்டால்தான் நான் மண்டபத்துக்கு வருவேன். செல்லம்மா எடுக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். எடுக்காவிட்டால் தட்டை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடாதே. கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நில். அவள் என்ன சொன்னாலும் முழுவதையும் கேள். நடுவில் போன் அடித்தால் எடுக்காதே, நானே கூப்பிட்டாலும்.

அப்பா